பெயர் சொல்லாத டிரைவர்

டீயைக் கொட்டியது நான்தான். என் அறைத்தோழன் நெட்டையனின் வெள்ளைச் சட்டையில் பாதி, அவன் எழுதிவைத்திருந்த உரையில் மீதி என்று பாரபட்சமில்லாமல் கொட்டினேன். மாணவர்களின் மாதிரி ஐ.நா. சபையில் நாங்கள் இருவரும் ஒரே நாட்டின் பிரதிநிதிகள். அந்த நாட்டை வரைபடத்தில் காட்டச் சொன்னால் இருவருமே திருதிருவென்று விழித்திருப்போம்; அது வேறு விஷயம்.

அன்றைய விவாதம் சர்வதேசக் குற்றவியல் சட்டம் பற்றியது. மேலிடத்து உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் குற்றவாளியா என்பது கேள்வி. நெட்டையன் சட்டையை அலசப் போனான். எங்கள் நாட்டை அழைத்தார்கள். நான் எழுந்தேன். வேறென்ன செய்வது?

சட்டப் பிரிவுகள் என் மண்டையில் ஏறாது. ஆனால் ஒரு கதை தெரியும். விடுமுறைக்கு நெட்டையன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவன் அப்பா எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து சொன்னது. அவர் லாரி டிரைவர். போர்க்காலத்தில் ராணுவம் அவரை வண்டி ஓட்டச் சொல்லியிருக்கிறது. ஏற்றிய ஆட்களை ஒரு பழைய கல்குவாரியில் இறக்கினாராம். திரும்பும்போது வண்டி காலி. "நான் ஓட்டினது மட்டும்தான் தம்பி" என்று சொல்லி, என் எச்சில் கை காயும்வரை அழுதார். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மண்டபத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை. அதில் நான் கறார். 'ஒரு டிரைவர்' என்றேன், அவ்வளவுதான். நடுவராக வந்திருந்த அம்மாள், போரில் காணாமல் போனவர்களைத் தேடும் குழுவின் வக்கீல். எந்தக் குவாரி என்று கேட்டார். பதில் சொல்லாத பிரதிநிதிக்கு மதிப்பெண் குறையும், சொன்னேன். யார் அந்த டிரைவர் என்றார். நான் வாயே திறக்கவில்லை. கண் மட்டும், ஈரச் சட்டையோடு வாசலில் வந்து நின்றவன் பக்கம் போனது. கண் செய்ததற்கு நான் என்ன செய்ய?

சிறந்த பிரதிநிதிக்கான கோப்பை எனக்குத்தான் கிடைத்தது. அடுத்த வாரம் நெட்டையனின் அப்பாவை வீட்டிலிருந்து போலீசார் அழைத்துப்போனார்கள்.

டீ கை தவறிக் கொட்டியதா என்று கேட்கிறீர்கள். ஆறிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்த பிறகுதான் கொட்டினேன். நண்பனாயிற்றே, சுடக் கூடாது. அவன் உரை முழுக்கச் சட்டப் பிரிவு எண்கள். அதை வைத்துக்கொண்டு ஆறுதல் பரிசுகூட வாங்கியிருக்க முடியாது.

பிறகு என்னால் ஆனதைச் செய்தேன். எல்லாம் நான் கட்டிய கதை என்று அந்த வக்கீல் அம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர் குவாரியில் தோண்டியெடுத்த செருப்புகளின் படங்களைக் காட்டினார். அதில் ஒரு ஜோடி மிகச் சின்னது.

விடுதி அறையில் நெட்டையன் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். அவன் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது, ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொன்னேன்: காணாமல் போனவர்களின் வீட்டாருக்கு இப்போதாவது ஒரு பதில் கிடைத்ததே, உன் அப்பா தானாக ஒருநாளும் சொல்லியிருப்பாரா?

அவன் சட்டையை மடித்து வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"சொல்லத்தான் இருந்தாரு. வக்கீல் வச்சு, வாக்குமூலம் கொடுக்க நாள்கூடக் குறிச்சாச்சு. சாட்சியாப் போக வேண்டிய மனுஷன். வெளியாளு முன்னாடி பேச வாய் வருதான்னு பாக்கத்தான்டா, முதல்ல உன்கிட்ட சொல்லிப் பாத்தாரு."