புல்தரைக்கு ஒரு வண்டி

மகள்: அப்பா, அதை விடுங்க. அது சிமெண்ட் தள்ளுற வண்டி.

அப்பா: சக்கரம் இருக்கு, பிடி இருக்கு. உரத்தைக் கொட்டித் தள்ளினா போகாதா?

மகள்: போகும். உரமும் அதுலயே உக்காந்து ஊர் சுத்திட்டுத் திரும்பி வரும். நமக்கு வேண்டியது கொஞ்சம் கொஞ்சமா கீழ விடுறது.

கடைக்காரம்மா: என்ன தேடுறீங்க சார்? என் கடையில இருக்கற சக்கரத்தை எல்லாம் ஒரு தடவை சுத்திப் பாத்துட்டீங்க.

அப்பா: புல்லுக்கு உரம் தூவ ஒரு வண்டி இருக்குன்னாங்க...

கடைக்காரம்மா: இருக்கு. மூணு விதம் இருக்கு. எவ்வளவு இடம்?

அப்பா: முப்பதடி நீளம், இருபதடி அகலம். வீட்டுக்குப் பின்னாடி. நம்ம இடம்.

மகள்: அம்மாவோட இடம்.

அப்பா: வீடு என் பேர்ல இருக்கு.

மகள்: வீடு உங்க பேர்ல. புல் அம்மாவோடது. செங்கல்லும் கண்ணாடித் துண்டுமா கெடந்த மண்ணை ரெண்டு வருஷம் பொறுக்கி, சலிச்சு, அவங்க கொண்டு வந்த புல்லு. நீங்க அதுல நாற்காலி போட்டு உக்காந்தீங்க.

அப்பா: நாற்காலியைத் தூக்கிட்டுப் போய்ப் போட்டது நான்தானே?

கடைக்காரம்மா: அம்மா கூட வரலையா?

மகள்: ஊர்ல இல்லைங்க. சித்தி கால் உடைஞ்சு படுத்திருக்காங்க, பாத்துக்கப் போயிருக்காங்க. மூணு மாசம் ஆச்சு. போகும்போது அப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிட்டுப் போனாங்க...

கடைக்காரம்மா: புல்லைப் பாத்துக்கோங்கன்னு.

மகள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

கடைக்காரம்மா: சார் முகத்தைப் பாத்தா தெரியுதே. என்ன ஆச்சு சார், கருகிடுச்சா?

அப்பா: கருகல. லேசா மஞ்சளடிச்சிருக்கு.

மகள்: லேசா.

அப்பா: நீ சும்மா இரு.

மகள்: நான் ஒண்ணுமே சொல்லலையே. லேசான்னு நீங்க சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.

அப்பா: உர மூட்டை கிழிஞ்சிடுச்சும்மா. தூக்கிட்டுப் போறப்ப. அவ்வளவுதான் விஷயம்.

கடைக்காரம்மா: ஒரே இடத்துல குவிஞ்சுதா, கோடா கொட்டிச்சா?

அப்பா: கோடா.

கடைக்காரம்மா: நேர் கோடா?

அப்பா: கொஞ்ச தூரம் நேரா... அப்புறம் கொஞ்சம் வளைஞ்சு.

கடைக்காரம்மா: மூட்டை கிழிஞ்சா மனுஷன் நிப்பான். நீங்க ஏன் வளைஞ்சு வளைஞ்சு நடந்தீங்க?

அப்பா: கல்லு கெடந்துச்சு. சுத்திப் போனேன்.

மகள்: அம்மா புல்லுல கல்லு. இதை அம்மா கேக்கணும்.

அப்பா: கேக்க வேண்டாம். அவ கேக்கவும் வேண்டாம், பாக்கவும் வேண்டாம். அதுக்குத்தானே கடைக்கு வந்திருக்கோம். அவ வர்றதுக்குள்ள மொத்தமும் ஒரே பச்சையா ஆகணும்.

கடைக்காரம்மா: எப்ப வர்றாங்க?

அப்பா: அடுத்த மாசம் கடைசி. நானே சொல்லியிருக்கேன், இங்க ஒண்ணும் அவசரம் இல்ல, இருந்துட்டு வான்னு.

மகள்: தினமும் சொல்றாருங்க. போன்ல அம்மாகிட்ட இவர் பேசுறது மொத்தம் நாலே விஷயம். சாப்பிட்டாச்சு. சிலிண்டர் வந்தாச்சு. புல்லு நல்லா இருக்கு. நீ மெதுவா வா. வெச்சுடுவார்.

அப்பா: வேற என்ன பேசணும்? முப்பத்தொரு வருஷமா பேசியாச்சு.

கடைக்காரம்மா: சரி, வண்டியைப் பாப்போம். இது கையில மாட்டிக்கிட்டுச் சுத்துறது. சின்ன இடத்துக்குப் போதும். ஆனா கை ஒரு சீரா சுத்தணும். நடுவுல யாராவது கூப்பிட்டுத் திரும்பினீங்கன்னா, அந்த இடத்துல ஒரு கை அள்ளிப் போட்ட மாதிரி விழும்.

மகள்: வேண்டாம். இவரை எங்க தெருவுல போறவங்க எல்லாம் கூப்பிடுவாங்க.

கடைக்காரம்மா: அடுத்தது இது. அடியில தட்டு இருக்கு பாருங்க, சக்கரம் சுத்தச் சுத்த அது சுத்தும். ரெண்டு பக்கமும் அஞ்சாறு அடி வீசும். சீக்கிரம் முடிஞ்சுடும்.

அப்பா: இது நல்லா இருக்கே. சக்கரமும் பெருசு.

கடைக்காரம்மா: இருங்க. ஒரு டாக்டர் இதைத்தான் கேட்டாரு. வேண்டாம் டாக்டர், இடம் சின்னதுன்னேன். கேக்கல. முதல் நாளே உரம் பக்கத்து வீட்டு மீன் தொட்டியில போய் விழுந்துடுச்சு. மீன் வளர்க்கறவர் யாரு தெரியுமா? வக்கீல்.

மகள்: எங்களுக்கு ஒரு பக்கம் அம்மாவோட பூச்செடி, இன்னொரு பக்கம் வாத்தியார் வீட்டு அவரைப் பந்தல்.

கடைக்காரம்மா: அப்ப இதுதான். உரத் தொட்டிக்கு நேர் கீழ, இந்த நீளத்துக்கு மட்டும் விழும். இந்தப் பக்கம் ஒரு உர மணி போகாது, அந்தப் பக்கம் ஒரு மணி போகாது.

மகள்: ஒரு இடத்தை விட்டுட்டு, சுத்தி மட்டும் போடணும்னா போட முடியுமா?

கடைக்காரம்மா: தாராளமா. தொட்டிக்கு அடியில இருக்கற கதவை மூடிட்டுத் தாண்டிப் போக வேண்டியதுதான்.

அப்பா: எதுக்கு விடணும்? எல்லா இடத்துலயும்தானே போடணும்?

மகள்: சும்மா கேட்டேன்பா. தொட்டி தகரமா, பிளாஸ்டிக்கா?

கடைக்காரம்மா: ரெண்டும் இருக்கு. பிளாஸ்டிக் எடுங்க. உரம் உப்பு மாதிரி, தகரத்தை ஒரே மழைக்காலத்துல தின்னுடும். எதா இருந்தாலும் வேலை முடிஞ்ச உடனே கழுவிக் காய வெக்கணும். காலையில போட்டுட்டு சாயந்திரம் கழுவிக்கலாம்னு இருந்தா, உரம் கதவுல கல்லா இறுகிடும்.

அப்பா: ஒரு சந்தேகம். இப்ப மஞ்சளா இருக்கற இடம் இருக்கு, பச்சையா இருக்கற இடம் இருக்கு. இதுல மொத்தத்துக்கும் ஒரு சீரா போட்டா, எல்லாம் ஒரே கலருக்கு வந்துடும்ல?

கடைக்காரம்மா: வந்துடும். மொத்தமும் மஞ்சளாயிடும்.

அப்பா: என்னம்மா சொல்றீங்க?

கடைக்காரம்மா: கருகின இடத்துக்கு இப்ப உரமே ஆகாது சார். தண்ணி. ஒரு வாரம் நல்லா தண்ணி விட்டு உப்பை இறக்கணும். செத்த புல்லை வாரி எடுக்கணும். சுத்தி இருக்கற புல்லு படர்ந்து வந்து மூடும். வண்டி மத்த இடத்துக்கு.

அப்பா: எத்தனை நாள்ல மூடும்?

கடைக்காரம்மா: அஞ்சு வாரம், ஆறு வாரம். கருகினது எவ்வளவுன்னு தெரிஞ்சாதானே சொல்ல முடியும். முதல்ல இதைத் தள்ளிப் பாருங்க. பின்னாடி சிமெண்ட் தரை இருக்கு, மணல் போட்டுத் தரேன்.

அப்பா: இதுல தள்ளிப் பாக்க என்னம்மா இருக்கு? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான். அறுபது பேரை வெச்சுக்கிட்டு சந்துல திரும்பினவன்.

கடைக்காரம்மா: அப்ப இன்னும் நல்லது. வாங்க. இந்தக் கம்பியை இழுத்தா கதவு திறக்கும், விட்டா மூடும். இந்தத் திருகுல நம்பர் இருக்கு, எவ்வளவு விழணும்னு. நாலுல வெச்சிருக்கேன். இந்தச் சுவரு வரைக்கும் போங்க.

அப்பா: இந்தா... போறேன்.

மகள்: அப்பா.

அப்பா: என்ன?

மகள்: பின்னாடி பாருங்க.

கடைக்காரம்மா: கெளம்பின இடத்துல ஒரு குவியல். பாத்தீங்களா? புல்லா இருந்தா அங்க ஒரு வட்டம் செத்திருக்கும். கதவை முன்னாடியே திறந்துட்டீங்க சார்.

அப்பா: முன்னாடி எங்க திறந்தேன்? நின்ன இடத்துலதான் திறந்தேன்.

கடைக்காரம்மா: அதுதான் தப்பு. நின்னுக்கிட்டுத் திறந்தா கொட்டும். வண்டி ஓட ஆரம்பிச்ச அப்புறம் திறக்கணும். நிக்கறதுக்கு முன்னாடி மூடணும்.

அப்பா: ஓடுற வண்டியில கதவைத் திறக்கறதா?

மகள்: ஐயோ, இவருக்கு இது வராதுங்க. இவர் பஸ்ஸுல வண்டி முழுசா நிக்காம கதவு திறந்ததே இல்ல. அதுக்கு மெடல் குடுத்தாங்க. வீட்டுல மாட்டியிருக்கு.

கடைக்காரம்மா: மெடலை ஒரு வாரம் கழட்டி வைங்க சார். இன்னொரு தடவை.

அப்பா: நட... திற... ஆங், விழுது விழுது. இப்ப?

கடைக்காரம்மா: மூடுங்க, மூடுங்க, சுவரு வந்துடுச்சு...

மகள்: நின்னுட்டு மூடினாரு. இன்னொரு குவியல்.

அப்பா: கால் தானா நிக்குதுடி. ஸ்டாப் வந்தா நின்னு திறந்துதானே பழக்கம்.

கடைக்காரம்மா: இறங்கறதுக்கு ஆளே இல்லைன்னு நினைச்சுக்கோங்க. காலி பஸ்ஸு. டிப்போவுக்குப் போறீங்க.

மகள்: அப்பா, நான் வேணா விசில் குடுக்கவா? ஒரு விசிலுக்குத் திறங்க, ரெண்டு விசிலுக்கு மூடுங்க.

அப்பா: குடு பாப்போம்.

கடைக்காரம்மா: ஏம்மா, கடைக்கு வந்தவங்க எல்லாம் எட்டிப் பாக்கறாங்க... சரி, குடு குடு. ஆ, இப்ப சரி. கோடு பாருங்க, கோலம் போட்ட மாதிரி சீரா இருக்கு.

அப்பா: கையில போட்டதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்...

கடைக்காரம்மா: கையில போட்டதா? மூட்டை கிழிஞ்சுதுன்னீங்க.

அப்பா: அதை... அதைத்தான் சொன்னேன். மூட்டை கையிலதானே இருந்துச்சு.

கடைக்காரம்மா: ம். அப்புறம் இதைக் கேட்டுக்கோங்க. போட வேண்டிய உரத்துல பாதியை நீளவாக்குல போடுங்க, மீதிப் பாதியைக் குறுக்குவாக்குல. அப்பதான் வரி வரியா தெரியாது. தொட்டியில உரம் நிரப்புறது சிமெண்ட் மேல வெச்சு, புல்லு மேல இல்ல. போட்டு முடிச்சதும் தண்ணி விடுங்க. இது மூணும்தான் பாடம்.

அப்பா: சரி, இதையே கட்டிக் குடுங்க.

கடைக்காரம்மா: கட்டுறேன். ஆனா கருகின இடத்தை ஒரு தடவை வரைஞ்சு காட்டுங்க. இந்த அட்டையில. எங்க தாண்டணும், எவ்வளவு தண்ணி விடணும்னு சொல்லி அனுப்பினாதான் எனக்கு நிம்மதி. நாளைக்கு வந்து உன் வண்டி கருக்கிடுச்சும்பீங்க.

அப்பா: எனக்கு வரையத் தெரியாது.

மகள்: குடுங்க, நான் வரையறேன்.

அப்பா: உனக்கு என்ன தெரியும்? நீ பின்பக்கமே வர்றதில்லையே.

மகள்: மாடிக்குத் துணி காயப் போடப் போவேன்ல. இதாங்க பூச்செடி ஓரம். இங்க ஆரம்பிக்குது. இப்படிச் சுழிச்சு வந்து... கீழ இறங்கி... நேரா ஓடி...

அப்பா: போதும்.

மகள்: ...இங்க மேல ஏறுது. அதோட முடியுது. அப்புறம் ரெண்டடி தள்ளி, தனியா இன்னொண்ணு. வளைஞ்சு, இப்படிக் கீழ வரைக்கும்.

அப்பா: போதும்னு சொன்னேன்ல.

கடைக்காரம்மா: இரும்மா, அட்டையைத் திருப்பு. சார்... இது கிழிஞ்ச மூட்டை இல்ல. இது 'வா'.

அப்பா: அந்த அட்டையை இங்க குடும்மா.

கடைக்காரம்மா: எவ்வளவு பெருசும்மா இது?

மகள்: நீளம் பதினஞ்சடி இருக்கும். எங்க அப்பா எழுதினதுலயே பெரிய லெட்டர்.

அப்பா: சிரிக்காதீங்க ரெண்டு பேரும். உரம் போட்ட இடம் மட்டும் கரும்பச்சையா செழிச்சு வரும்னு கேள்விப்பட்டேன். எழுத்தா போட்டா எழுத்தாத்தானே வரும்? வந்த அப்புறம் மாடியில இருந்து ஒரு போட்டோ எடுத்து, அவளுக்கு... சும்மா, பாக்கட்டுமேன்னு.

கடைக்காரம்மா: போன்ல சொல்ல வேண்டியதுதானே சார், வான்னு.

அப்பா: எப்படிச் சொல்றது? அங்க கூடப் பொறந்தவ கால் உடைஞ்சு கெடக்கா. நானே இருந்துட்டு வான்னு பெரிய மனுஷனாட்டம் சொல்லிட்டேன். வாய் வரைக்கும் வருது, அதுக்குள்ள சிலிண்டர் வந்துடுச்சுன்னு சொல்லிடறேன்.

கடைக்காரம்மா: எவ்வளவு உரம் போட்டீங்க?

அப்பா: மூட்டையில ரெண்டு குவளைன்னு போட்டிருந்துச்சு. ஆறு போட்டேன். பளிச்சுன்னு தெரியணும்ல.

கடைக்காரம்மா: தண்ணி?

அப்பா: விடல. எழுத்து கலைஞ்சிடுமோன்னு பயம்.

கடைக்காரம்மா: நல்ல காரியம் பண்ணீங்க.

அப்பா: நாலாம் நாள் பாக்கறேன், மஞ்சளா, பாளம் பாளமா நிக்குது. பாசமா கூப்பிடுற மாதிரியா இருக்கு? சண்டைக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு. அவ வந்து பாத்தா, எழுத்தையா பாப்பா? செத்த புல்லைத்தான் பாப்பா. ரெண்டு வருஷம் முட்டி போட்டு வளர்த்தவ. அதான் சொல்றேன், கட்டிக் குடுங்க. வீட்டுக்குப் போன உடனே குழாயைத் திறந்து விடணும். அவ கண்ணுல படறதுக்குள்ள அது அழிஞ்சாகணும்.

மகள்: தண்ணி விட முடியாதுப்பா.

அப்பா: ஏன்? மோட்டார் ஓடலையா?

மகள்: மோட்டார் ஓடுது. வெள்ளிக்கிழமையே நான் மாடியில இருந்து போட்டோ எடுத்து அனுப்பிட்டேன்பா. அரை மணி நேரம் பதிலே இல்ல, அப்புறம் அம்மா போன் பண்ணி ஒரு வார்த்தை பேசாம சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க, நடுவுல மூக்கை உறிஞ்சினாங்க, திரும்பவும் சிரிச்சாங்க. சித்தி கைத்தடி வெச்சு நடக்க ஆரம்பிச்சாச்சாம். இன்னிக்குக் காலையில திரும்பக் கூப்பிட்டு, 'அந்த மனுஷன் கையில இனிமே உரக் குவளையைக் குடுக்காத, நல்ல வண்டியா ஒண்ணு வாங்கிக் குடு, சுத்தி எல்லாம் தூவட்டும், ஆனா அந்த எழுத்து மேல ஒரு மணியும் விழக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணியும் படக் கூடாது, நாளைக்குக் காலையில வந்து மாடியில நின்னு நான் பாக்கணும்'னு சொல்லியிருக்காங்க.