கடைசி இரண்டு வரிகள்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, சட்டமன்றக் கட்டிடத்தின் மூன்றாவது குழு அறையில், லிஃப்ட் பாதுகாப்பு மசோதாவின் ஒன்பதாவது பிரிவுக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது. ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஐந்து. ஆறு மாடிக்குக் குறைந்த கட்டிடங்களில் உள்ள பழைய லிஃப்ட்களுக்கு இரண்டாவது பிரேக் கட்டாயமில்லை என்பது திருத்தம்.

அந்த அறையின் நாற்காலிகள் மோசம், மேடம். கொஞ்சம் சாய்ந்தாலும் கிரீச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அங்கே யாரும் தூங்க முடியாது. தூங்க முடியாத உறுப்பினர்கள் சீக்கிரமாக வாக்களித்துவிட்டு எழுந்து போவார்கள். பார்வையாளர் வரிசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

விசாரணை அதிகாரியாக, என் தொழில் என்ன என்று முதலில் கேட்டீர்கள். அட்டையில் ‘அரசுத் தொடர்பு ஆலோசகர்’ என்று இருக்கும். என் மனைவியைக் கேட்டால், வராந்தாவில் காத்திருக்கிற உத்தியோகம் என்பாள். மாமனார் மட்டும் உறவுக்காரர்களிடம் ‘மாப்பிள்ளை சட்டமன்றத்துல இருக்கார்’ என்று சொல்லிவிட்டு, எதிராளி என்ன புரிந்துகொள்கிறாரோ அப்படியே விட்டுவிடுவார். மூன்று பேர் சொல்வதும் சரிதான்.

பணத்தைப் பற்றியும் கேட்டீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என்னை அமர்த்திய லிஃப்ட் கம்பெனி தேர்தல் நிதி கொடுத்தது உண்மை. எல்லாக் கட்சிக்கும் கொடுத்தது, ரசீதோடு. ஒரு கட்சிக்கு மட்டும் கொடுத்தால் சார்பு, எல்லாருக்கும் கொடுத்தால் சமூகப் பொறுப்பு என்பது முதலாளியின் கொள்கை. அந்தப் பணம் ஒரு வாக்கையும் வாங்கவில்லை. எனக்குக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் நான் கொடுத்ததெல்லாம் தாள்.

தாளின் அருமை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் குழுவில் ஒரு பல் டாக்டர் இருந்தார். அரசியலுக்கு வருவதற்கு முன் இருபது வருடம் சொந்தமாகக் கிளினிக் வைத்திருந்தவர். நல்லவர். ஒரு டீயைக்கூடச் சும்மா வாங்கிக் குடிக்க மாட்டார். முதல் வாரமே அவர் மேஜையில் அறுநூற்று நாற்பது பக்க மசோதா ஒன்றை வைத்தார்கள். உதவிக்கு இரண்டே குமாஸ்தாக்கள், அதில் ஒருவர் எப்போதும் விடுப்பில். வராந்தாவில் என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“அண்ணே, இதையெல்லாம் யாருண்ணே படிப்பாங்க?”

“நான் படிப்பேன் டாக்டர்.”

அன்று மாலையே அவருக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். மேல்பாதியில் ஆதரிப்பவர்கள் சொல்வது, கீழ்ப்பாதியில் எதிர்ப்பவர்கள் சொல்வது. கடைசி இரண்டு வரியில் ஒரு பல் டாக்டர் ஜோக். அது அவருக்காக மட்டும். ஒன்பது வருடத்தில் அவருக்கு அப்படி இருநூறு பக்கங்களுக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றிலும் ஒரு பொய் கிடையாது. நீங்கள் எல்லாவற்றையும் கைப்பற்றிவிட்டீர்கள், சரிபார்த்துக்கொள்ளலாம். ஜோக்குகள் சிலது சுமார் ரகம். இருநூறுக்குப் பிறகு யாருக்குத்தான் வறட்சி வராது.

லிஃப்ட் மசோதாவில் ஒன்பதாவது பிரிவு வந்ததற்கே டாக்டர்தான் காரணம். கிளினிக்கில் அவர் பக்கத்தில் நின்று இருபது வருடம் தட்டு ஏந்திய ஒரு பெண்மணி இருந்தார். டாக்டர் அவரை அக்கா என்பார், நாங்களும் அக்கா என்போம். ஐந்து மாடிக் கட்டிடத்தில் நாலாவது மாடியில் வீடு. முழங்கால் தேய்ந்துவிட்டதால் படி ஏற முடியாது. அந்த லிஃப்ட் ஒவ்வொரு தடவையும் மாடியைத் தாண்டி ஒரு சாண் இறங்கிவிட்டு, யோசித்து, பிறகு நிற்கிறது என்று டாக்டருக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் அதைக் குழுவில் வாசித்துக் காட்டி, எல்லாப் பழைய லிஃப்ட்டுக்கும் இரண்டாவது பிரேக் வேண்டும் என்று பிரிவைச் சேர்க்க வைத்தார்.

ஜனவரியில் கம்பெனியின் இன்ஜினியர் என்னைப் பார்க்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிற மனிதர். கையில் சோதனை அறிக்கை.

“சார், அக்கா வீட்ல இருக்கற அதே மாடல். நாப்பத்தொண்ணு சோதிச்சோம். ஏழுல பிரேக் பிடிக்கல.”

“அப்ப முப்பத்தி நாலுல பிடிச்சிருக்கு.”

“லிஃப்ட்டுக்கு அப்படி மார்க் போட மாட்டாங்க சார்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மாடலை எத்தனை மாடி வரைக்கும் விற்றீர்கள் என்று கேட்டேன். ஐந்து வரைக்கும்தான், அதற்கு மேல் மோட்டார் இழுக்காது என்றார். திருத்தத்தில் ஏன் ஆறு மாடி என்று உங்கள் நிபுணர் குழு ஒரு மாதம் ஆராய்ந்ததாகக் கேள்விப்பட்டேன். சிறு உரிமையாளர்களின் சுமை, நகர அமைப்பு என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். காரணம் இவ்வளவுதான். அந்த மாடல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் விலக்குக்குள் வரவேண்டும் என்று கோட்டை அங்கே போட்டேன்.

அடுத்த நாள் டாக்டர் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“சின்ன கட்டிடக்காரங்களுக்குச் செலவு தாங்காதுங்கறீங்க, ஒத்துக்கறேன். அக்கா வீட்டு லிஃப்ட்டு என்னண்ணே ஆகும்?”

“அதைத் தனியா பார்த்துக்கலாம் டாக்டர். கம்பெனியில பேசறேன்.”

“நிச்சயமா?”

“நான் உங்ககிட்ட என்னைக்காவது பொய் சொல்லியிருக்கேனா?”

“இல்லண்ணே. அதான் பயமா இருக்கு.”

பேசினேன், மேடம். அன்றே பேசினேன். பராமரிப்பு மேனேஜர் மறுத்துவிட்டார். ஒன்றைச் சரிசெய்தால் எல்லாவற்றிலும் கோளாறு இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

“சரி, ஆள் வந்துட்டுப் போன மாதிரியாவது இருக்கணும்ல?” என்றேன்.

“பெயின்ட் அடிச்சு ஒரு கண்ணாடி மாட்டிடலாம் சார். வேணும்னா பாட்டும் போட்டுடலாம்.”

கண்ணாடியைப் படப் புத்தகத்தில் பார்த்து நானே தேர்ந்தெடுத்தேன். ஆள் உயரம், நல்ல கனம், ஓரம் இழைத்தது. பிப்ரவரியில் மாட்டினார்கள். அக்கா எனக்கே ஃபோன் செய்தார்.

“தம்பி, ரொம்ப நல்லா இருக்குப்பா. இறங்கறதுக்குள்ள தலையே வாரிக்கலாம். முன்ன மாதிரி சத்தம்கூட இல்ல.”

பாட்டு ஓடினால் சத்தம் கேட்காது. அதை நான் சொல்லவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருப்பவரிடம் எதற்கு. அவர் டாக்டரையும் கூப்பிட்டு, சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். சொன்னது அவர், நான் இல்லை.

மார்ச் பத்தாம் தேதி சாயங்காலம் ஒன்பதாவது பிரிவுக்கான பக்கத்தை எழுதினேன். இரு தரப்பும் எழுதியான பிறகு மூன்று வரிக்கு இடம் இருந்தது. ஒரு வரி கண் ஓய்வுக்காக எப்போதும் காலியாக விடுவேன். மிச்சம் இரண்டு. சோதனை அறிக்கையைச் சொல்லவும் இரண்டு வரி வேண்டும், ஜோக்குக்கும் இரண்டு வரி வேண்டும். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். டாக்டருக்குப் பார்வை கொஞ்சம் மட்டு. ஒரு பக்கம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இரண்டு பக்கம் கொடுப்பது என் வழக்கமில்லை.

மறுநாள் குழுவில் பேச வேண்டிய உரைகளையும் நான்தான் எழுதினேன். திருத்தத்தை ஆதரிப்பவர் ஒரு முன்னாள் ஒப்பந்தக்காரர். எதிர்ப்பவர் ஒரு முன்னாள் வாத்தியார். இரண்டு உரையும் என்னுடையது. வாத்தியாருக்கு அது தெரியாது, ஏதோ ஆய்வு மையத்திலிருந்து குறிப்பு வருவதாக நம்பிக்கொண்டிருந்தார். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறும் சட்டம் பார்க்க நன்றாக இருக்காது. ஆகவே கௌரவமான ஓர் எதிர்ப்பை நானே தயாரித்துக் கொடுப்பேன். சின்ன கட்டிடங்களுக்கு மட்டும் விலக்கு கொடுப்பது பெரிய கட்டிட உரிமையாளர்களுக்கு அநீதி என்று வாத்தியார் உரையில் எழுதினேன். பிரேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

உரைகளைப் போட்டு அனுப்பிய உறைகள் மாறிப்போனது அந்த வாக்கெடுப்பு அன்றைக்குத்தான். ஒன்பது வருடத்தில் ஒரே தடவை. ஒப்பந்தக்காரர் எழுந்து திருத்தத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மேஜையைத் தட்டவும் தட்டினார். வாத்தியார் எழுந்து கண்கலங்க அதை ஆதரித்தார். கடைசி வரிசையில் நான் என் நகல்களைப் புரட்டிப் பார்த்தேன். குழுத் தலைவர் இருவரையும், வழக்கம்போலத் தெளிவாகப் பேசினீர்கள் என்று பாராட்டினார். பிறகு ஒப்பந்தக்காரர் ஆதரித்து வாக்களித்தார், வாத்தியார் எதிர்த்து வாக்களித்தார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரும் கவனிக்கவில்லை. அவர் என் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசி இரண்டு வரிக்கு வந்தார். ‘வலிக்குமா டாக்டர்?’ என்று நோயாளி கேட்கிறான். ‘எனக்கு வலிக்காது’ என்கிறார் டாக்டர். அவர் தோள் குலுங்கியது, நாற்காலி கிரீச்சிட்டது. சிரிப்பு முகத்திலிருந்து இறங்குவதற்குள் தலைவர் ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஆறாவது கை டாக்டருடையது.

அறையில் கவனித்தவர் ஒருவர்தான். சுருக்கெழுத்து எடுக்கும் அம்மா. ‘இரு உறுப்பினர்களும் தங்கள் உரைக்கு எதிராக வாக்களித்தனர்’ என்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்தீர்கள். அந்த அறையில் காது கேட்பவர் ஒருவர் இருந்திருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு உண்மையில் மரியாதையாக இருந்தது.

ஜூன் இரண்டாம் தேதிக்குப் பிறகு டாக்டர் ஒரு தடவை வந்தார். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்து, அந்தப் பக்கத்தை மேஜையில் வைத்தார்.

“அறிக்கை உங்க கைக்கு எப்பண்ணே வந்தது?”

“ஜனவரி.”

“இதுல எங்க இருக்கு?”

“இதுல இல்ல டாக்டர். இடம் இல்ல.”

அவர் கடைசி இரண்டு வரியின் மேல் விரலை வைத்தார். போகும்போது, “நான் சிரிச்சேண்ணே” என்றார். மறுநாள் பதவி விலகினார். நல்ல உறுப்பினர் ஒருவரை அவை இழந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். பிரேக் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். எந்த மாடல் என்று தெரியும். அதில் தினமும் யார் ஏறி இறங்குகிறார் என்று தெரியும். அறிக்கையை விட்டுவிட்டு ஜோக்கை வைத்தது நான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை, யாரிடமும் பொய் சொல்லவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

உங்கள் அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம். ஜூன் இரண்டாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கு லிஃப்ட் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தது, அக்காவும் அந்த மாடியில் ஏறிய ஓர் அப்பாவும் மகளும் இறந்தார்கள் என்பது வரைக்கும் சரி. அதற்குக் கீழே கண்ணாடி நொறுங்கியதாகப் போட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டாவது புகைப்படத்தைப் பாருங்கள். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அது நான் தேர்ந்தெடுத்தது, மேடம்.