தோசைக்கல்லில் கடல்பாசி

“கடல்லேர்ந்து வந்துட்டா எல்லாம் மீனாடி? அப்போ உப்பு எங்கேர்ந்து வருதாம்?”

மாங்காட்டிலிருந்து பூந்தமல்லி போகிற ஷேர் ஆட்டோவில், எதிர் சீட்டுப் பெண் தன் தோழியிடம் கொதித்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளிக்கிழமை, ஜப்பான்காரங்க மாதிரி சீஸுக்கு நடுவுல கடல்பாசித் தாள் வெச்சு, நெய் விட்டு முறுகலா சாண்ட்விச் சுட்டேன். விளக்கேத்துற வீட்ல கவுச்சியான்னு இவரு ஒரே சத்தம். தோசைக்கல்லை மொட்டமாடிக்கு எடுத்துட்டுப் போய்க் கழுவ வெச்சாருடி.”

“அப்போ அண்ணன் சாப்பிடவே இல்லியா?”

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, தோஷமில்லியாம். ஒண்ணு சுட்டு வை, வந்து சாப்பிடுறேன்னு சொல்லிட்டு வெளிய போயிருக்காரு.”

“சுட்டியா?”

“சுட்டேனே.”

மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள். சாண்ட்விச்சை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தோழியின் கையில் திணித்துவிட்டு, மறு பாதியை நிதானமாகக் கடித்தாள்.