நாப்பத்து மூணாவது கல்

ஐயோ, அந்தக் கைப்பிடியை இழுக்காதீங்க சார், கையோட வந்துரும். அந்தப் பக்கத்துக் கதவு உள்ள இருந்து திறக்காது. இறங்கும்போது நான் சுத்தி வந்து திறந்து விடறேன். நல்லா சாஞ்சு உக்காருங்க. உங்க வண்டியை ஏத்தியாச்சு, நாலு சக்கரத்துக்கும் பெல்ட்டு போட்டாச்சு. கண்ணாடில பாருங்க, தெரியுதா? கோவிச்சுக்கிட்டு பின்னாலயே வர்ற பொண்டாட்டி மாதிரி மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வருது.

இந்த ரோட்ல முதல் தடவைதானே? ஆமாமா, ஏத்தும்போதே சொன்னீங்க. இந்தப் பக்கமே வந்ததில்லன்னு சொன்னீங்க. திரும்பத் திரும்பக் கேக்கறேன் பாருங்க, பழகின தோஷம். ரெக்கவரி வண்டில ஏறுறவங்க எல்லார்கிட்டயும் நான் முதல்ல அதைத்தான் கேப்பேன். வண்டி நின்னு போனவனுக்கு மனசு படபடன்னு இருக்கும், ஒரு பேச்சுத்துணை வேணும். எனக்கு தெரிஞ்சது இந்த ரோடு ஒண்ணுதான், அதனால ரோட்டுக் கதையச் சொல்லுவேன். பாதிப் பேரு தூங்கிருவாங்க. நீங்க தூங்க மாட்டீங்கன்னு நினைக்கிறேன்.

இல்ல, ஒர்க்‌ஷாப்பு துறைமுகத்துக்குக் கிட்டத்துல. போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஏன், அவசரமா?

பேருக்குத்தான் சார் ஸ்டேட் ஹைவே. ஆரம்பத்துல இது வெறும் வண்டித்தடம். அந்தக் கோடியில கல்லு மலை, இந்தக் கோடியில கடலு. துறைமுகத்துல அலைக்குச் சுவர் கட்டணும், கல்லு வேணும். அதுக்காக மலையை உடைச்சு ஏத்திக்கிட்டு வந்து கடல்ல கொட்டினாங்க. மலையே தேய்ஞ்சு போச்சு, கடலு அப்படியேதான் இருக்கு. கல்லுக்காகப் போட்ட ரோடுங்கறதாலயோ என்னவோ, இதுக்கு ஈரமே கிடையாது. யாரு விழுந்தாலும் ஏன்னு கேக்காது.

இதோ இப்ப வருது பாருங்க, கெட்டியாப் பிடிச்சுக்குங்க. இதான் மில்லு வளைவு. நேராப் போக வேண்டியது, எதுக்கு இப்படித் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுதுன்னு தோணுதா? இங்க நூல் மில்லு ஒண்ணு இருந்துச்சு. ரோடு எம் மில்லு கேட்டைத் தொட்டுத்தான் போகணும்னு முதலாளி ஒத்தக்கால்ல நின்னாரு. அப்ப இருந்த இன்ஜினியரு முடியாதுன்னாரு, மறு மாசமே அவரைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திட்டாங்க. அடுத்து வந்தவரு ரொம்ப நல்லவரு. அவரு கையில அளவுகோலே வளைஞ்சு குடுத்துருச்சு. இப்ப முதலாளியும் இல்ல, மில்லும் இல்ல, வளைவு மட்டும் அப்படியே இருக்கு. வருஷத்துக்கு நாலஞ்சு வண்டியாவது எனக்கு இங்கதான் கிடைக்கும். செத்தும் எனக்கு சோறு போடறாரு மனுசன்.

சிரிச்சீங்க. அதுவரைக்கும் சந்தோஷம்.

நானா? நான் முன்னாடி ரோலர் ஓட்டினவன். இந்த ரோட்டுலதான். கான்ட்ராக்டருகிட்ட வேலை. தாரு கொட்டுவாங்க, ஜல்லி போடுவாங்க, நான் மேல ஏறி நசுக்கிக்கிட்டே போவேன். நல்ல வேலைதான், நிம்மதியான வேலை. அதை ஏன் விட்டேன்னா, ரோலர்ல உக்காந்தா ஒரு மனுசன் பேச்சுக்குக் கிடைக்க மாட்டான் சார். இதுல கிடைப்பான். நான் ஒரு ஆளைத் தேடிக்கிட்டு இருக்கேன். எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் என்னிக்காவது ஒரு நாள் வண்டி மக்கர் பண்ணாமயா போயிரும்? இந்த ரோட்ல எவன் வண்டி நின்னாலும் போன் எனக்குத்தான் வரும்.

யாரையா? சொல்றேன், சொல்றேன். ரோட்டுக் கதை முடியட்டும்.

அந்தப் பக்கம் கிலோமீட்டர் கல்லைப் பாத்துக்கிட்டே வாங்க. நாப்பத்தி ஆறு. அடுத்தது நாப்பத்தி அஞ்சு. சரியா வருதா? அப்புறம் நாப்பத்தி நாலு வரும். அதுக்கப்புறம் பாருங்க, நாப்பத்தி ரெண்டு. நாப்பத்து மூணே கிடையாது. சர்க்கார் கணக்குல ஒரு கிலோமீட்டர் காணாமப் போயிருச்சு! எல்லாரும் கேப்பாங்க, எவனாவது கல்லைத் திருடிட்டானான்னு. அதெல்லாம் இல்ல. முன்னாடி ஆத்துல சின்னதா ஒரு தரைப்பாலம், ரோடு வளைஞ்சு அதுக்குப் போகும். ஒரு வெள்ளத்துல பாலம் போயிருச்சு. புதுப்பாலம் கட்டினப்போ நூல் பிடிச்ச மாதிரி நேரா இழுத்துட்டாங்க, தூரம் குறைஞ்சு போச்சு. மத்தக் கல்லையெல்லாம் பிடுங்கி நம்பர் மாத்த எவனுக்குச் சோம்பேறித்தனம் விடும்? அப்படியே விட்டுட்டாங்க. பழைய துண்டு ரோடு தனியா ஒரு பக்கமாக் கிடக்கு. நாப்பத்து மூணாவது கல்லும் அங்கயேதான் நிக்குது.

அந்தப் புதுப்பாலமும் என்ன வாழ்ந்துச்சு? எட்டு வருஷத்துக்கு முன்னாடி விரிசல் விட்டுருச்சு. பாலத்தை மூடிட்டு வேலை பாத்தோம். நான்தான் ரோலர். அப்ப வண்டியெல்லாம் ஏரிக்கரை வழியாத் திருப்பி விட்டாங்க.

என்ன சார்? செங்கச்சூளை வழியாவா?

அட, ஆமா! கரெக்டு. முதல் நாள் சூளை வழியாத்தான் விட்டாங்க, அந்தப் பழைய துண்டு ரோட்ல, தரைப்பாலம் போன இடத்துல மண்ணைக் கொட்டித் தடம் போட்டு. ஒரே ஒரு நாள். மறுநாளே மூடிட்டு ஏரிக்கரைக்கு மாத்திட்டாங்க. எனக்கே மறந்து போச்சு பாருங்க, நீங்க எடுத்துக் குடுக்கறீங்க. போன்ல மேப்புல பாத்தீங்களா? இருக்கும், இருக்கும். இப்பதான் எல்லாமே அதுல வந்துருதே.

ஏசி வேலை செய்யாது சார். வேர்க்குதுன்னா இந்தத் துணில துடைச்சுக்குங்க, சுத்தமானதுதான்.

அந்த வேலையில கொடிக்காரின்னு ஒருத்தி இருந்தா. ஒரு கையில பச்சைக் கொடி, ஒரு கையில சிவப்புக் கொடி. ஒடிசலா இருப்பா, ஆனா அவ சிவப்பைத் தூக்கினா யானையே வந்தாலும் நிக்கணும். ஒரு நாள் ஏதோ பெரிய இடத்துக் காரு, விடாம ஹாரன் அடிக்கிறான். இவ நேராப் போயி கண்ணாடியத் தட்டி, ஹாரன் அடிச்சா கொடி பச்சையாயிருமான்னு கேட்டா. சைட்டே கெக்கேபிக்கேன்னு சிரிச்சுது. அவளுக்கு வாய் ஓயவே ஓயாது. தூக்கத்துல கூடப் பேசுவா.

சூளை வழியா விட்ட அன்னிக்கு அவளை அந்தத் துண்டு ரோட்டுக்கு நடுவுல நிக்க வச்சாங்க. அங்க ஒரு குறுகல் திருப்பம், எதிர்ல வர்றது தெரியாது. அதுக்காக ரெண்டு முனையிலயும் ஆளு, நடுவுல இவ. சூளை வேலையில்லாத மாசம், ஒரு ஈ காக்கா கிடையாது. உச்சி வெயிலு. செம்மண் புழுதி மூஞ்சில அப்பும். நிக்க நிழல் கிடையாது, அவசரத்துக்கு வாயை நனைக்க ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது அந்த இடத்துல.

என்னது?

தொட்டியா? தண்ணித் தொட்டி இருந்துச்சா?

சூளைச் சுவருக்குப் பின்னால. ம். மூடியில்லாத தொட்டி. ம்.

இல்ல சார், ஒண்ணுமில்ல. கியர் மாத்தணும். முழங்காலைக் கொஞ்சம் நகத்திக்குங்க.

...

நாப்பத்தி நாலு. பாத்தீங்களா, கல்லு போயிருச்சு. இங்கதான் திரும்பணும்.

பாலத்துக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. ஒரு வேலையும் நடக்கல. நான்தான் திரும்பறேன். குலுங்கும், தலையை இடிச்சுக்காதீங்க. போட்டு எத்தனையோ வருஷம் ஆன ரோடு, யாரும் பாக்கறதில்ல.

கதவு திறக்காதுன்னு சொன்னேன்ல. அதைப் போட்டு ஏன் சார் படுத்தறீங்க?

அன்னிக்குச் சாப்பாட்டு நேரம். ரெண்டு முனையில நின்னவங்களும் தட்டியைக் குறுக்க இழுத்து வச்சுட்டு பாலத்துக்கு வந்துட்டாங்க. அவளும் பின்னாடியே வருவான்னு நினைச்சோம். அவ எப்பவுமே கடைசியாத்தான் வருவா. யாரோ தட்டியை ஒதுக்கி வச்சுட்டு காரை உள்ள விட்டிருக்கான். ஆளு இல்லாத ரோடு, சுருக்கா அந்தப் பக்கம் போயிரலாம்னு நினைச்சிருப்பான். திருப்பத்துல அடிச்சுட்டான். நான் மிச்ச வேலையை முடிச்சிரலாம்னு ரோலரை ஓட்டிக்கிட்டு இருந்தேன், அந்த இரைச்சல்ல யாருக்கும் ஒண்ணும் கேக்கல. நாங்க போய்ப் பாக்கும்போது உசுரு இல்ல.

பயப்படாதீங்க. எங்கிட்ட கத்தியும் இல்ல, கம்பும் இல்ல. அடிக்கணும்னு நினைச்சிருந்தா மில்லு வளைவுலயே சோலி முடிஞ்சிருக்கும்.

அன்னிக்கு இந்தத் துண்டு ரோட்ல போனவங்க நிறைய பேரு சார். லாரிக்காரன், பால் வண்டிக்காரன், ஸ்கூல் வேன்காரன். எல்லாரையும் நான் பாத்துட்டேன். ஆமா போனேன், கொடிக்காரி நின்னா, கையைக் காட்டினா, போனேன்னு சொல்றாங்க. யாரும் மறைக்கல. ஆனா இந்த ரோட்டுக்கே வந்ததில்லைன்னு சொல்லிட்டு, செங்கச்சூளைன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். சரி, மேப்புன்னு வச்சுக்குவோம். தொட்டியை எந்த மேப்புல பாத்தீங்க? ரோட்ல இருந்து பாத்தா அந்தத் தொட்டி தெரியாது. காரை விட்டு இறங்கி, சுவரைச் சுத்திக்கிட்டு, முள்ளை விலக்கிக்கிட்டுப் பின்னால போகணும். ரோலர் ஓட்டுற எனக்கே அன்னிக்குச் சாயங்காலம்தான் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாதுன்னு நான் எல்லார்கிட்டயும்தான் சொல்லிக்கிட்டு வர்றேன், எட்டு வருஷமா. எல்லாரும் ஐயோ பாவம்னு சொல்லுவாங்க. இருந்துச்சேன்னு யாரும் சொன்னதில்ல.

உங்களுக்கு வாய் தவறி வந்துருச்சு. அவளுக்குத் தண்ணி இல்லைன்னு நான் சொன்னதை உங்களால தாங்க முடியல, இல்ல?

அதோ, வந்துருச்சு. நாப்பத்து மூணாவது கல்லு. சூளை போயிருச்சு, சுவரு பாதி நிக்குது. இஞ்சினை அணைச்சுடறேன், இரைச்சல்ல பேச முடியாது.

இந்தக் கல்லுக்கு ஓரமாத்தான் கிடந்தா. கிடந்தான்னு சொல்றது தப்பு. படுக்க வச்சிருந்தாங்க. நடுரோட்ல ரத்தம், ஆனா அவ ஓரத்துல, கல்லு நிழல்ல. பச்சைக் கொடியை நாலா மடிச்சு தலைக்கு வச்சிருந்துச்சு. மூஞ்சியக் கழுவி விட்டிருந்துச்சு, புழுதி இல்ல. வாயோரம் தண்ணி வழிஞ்சு சேலை முந்தானை நனைஞ்சிருந்துச்சு. செருப்பு ரெண்டையும் எடுத்து ஜோடியாப் பக்கத்துல வச்சிருந்துச்சு. அடிச்சுட்டு நிக்காம ஓடறவன் இதையெல்லாம் செய்ய மாட்டான் சார். மனசு இருக்கற ஆளு. மனசு இருக்கற ஒருத்தன் எப்படி விட்டுட்டுப் போனான்கறதுதான் எனக்கு விளங்கவே இல்ல. பாலம் கூப்பிடு தூரம். ஓடி வந்து ஒரு குரல் குடுத்திருந்தா நாங்க இருபது பேரு இருந்தோம்.

அழுங்க. பரவாயில்ல, அழுங்க. அந்தத் துணி அதுக்குத்தான்.

போலீசுக்குப் போகத்தான் போறோம், அதுல மாத்தமில்ல. ஆனா அவங்க என்ன கேப்பாங்க? வண்டி நம்பரு, எத்தனை வேகம், எந்தப் பக்கமா வந்தே. எனக்கு அதெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எம் பொண்ணுக்கு அப்ப இடுப்புல தூக்கற வயசு, இன்னிக்கு எந் தோளுக்கு வந்துட்டா. அவளும் இதைத்தான் கேக்கறா. அப்பா, அம்மா கடைசியா என்ன பேசினான்னு. நான் என்னத்தைச் சொல்ல, நான் எங்க பாத்தேன்?

ஆமா சார். கொடிக்காரி எம் பொண்டாட்டி. அதைச் சொல்லவே விட்டுட்டேன் பாருங்க.

தண்ணி எடுத்துட்டு வந்து குடுத்திருக்கீங்க. உசுரு இல்லாதவளுக்கு யாரும் தண்ணி குடுக்க மாட்டாங்க. அவ குடிச்சிருக்கா. அவளுக்கு வாய் சும்மா இருக்காது, எனக்குத் தெரியும், நான் அவகூடக் குடும்பம் நடத்தினவன். ஒரு வார்த்தையாவது பேசியிருப்பா. திட்டியிருந்தாலும் சொல்லுங்க. பொண்ணைக் கூப்பிட்டாளா, என்னைக் கூப்பிட்டாளா, விட்டுட்டுப் போயிராதீங்கன்னு உங்களைக் கெஞ்சினாளா, எதுவா இருந்தாலும் அப்படியே சொல்லுங்க. கூட்டிக் குறைச்சு வேணாம்.

இதோ, நான் சுத்தி வந்து கதவைத் திறந்து விடறேன். அதுக்கு முன்னாடி சொல்லிருங்க சார். தண்ணியக் குடிச்சிட்டு அவ என்ன சொன்னா?