திங்கட்கிழமை வரும் எஸ்கார்ட்

கொஞ்சம் நெருக்கி உட்காருங்கள். இது நம் நோயலின் சித்தி ஐரினுக்கு நடந்தது. அவர் வீட்டு மாடியில்தான் இவன் குடியிருக்கிறான். நம்பிக்கை இல்லாவிட்டால் இவனையே கேளுங்கள்... பாருங்கள், இப்போதே போனை நோண்ட ஆரம்பித்துவிட்டான்.

போன நவம்பர். மாலை ஆறு மணி. சாந்தோம் பக்கத்து லூப் ரோடு. மழை என்றால் மீன்கடைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவார்கள், ஈ காக்கை இருக்காது. அன்றைக்குத் தெருவிளக்கும் இல்லை. தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட, ஆறு வயதுப் பெண்குழந்தை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஐரின் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்.

குழந்தையின் பெயர் பொம்மி. பெண்கள் சிறையில் வளர்ந்தவள். எந்தச் சிறை என்று கேட்காதீர்கள். ஆறு வயதாகிவிட்டால் குழந்தையை அம்மாவோடு உள்ளே வைத்திருக்க மாட்டார்கள். ஐரின் ரிட்டயர்டு டீச்சர். மாதாமாதம் சர்ச் பெண்களோடு அங்கே சோப்பும் நாப்கினும் கொண்டுபோய்க் கொடுப்பவர். கூட்டிப்போக ஆள் இல்லாத பொம்மியை, தான் வளர்ப்பதாக எழுதிக் கொடுத்து அன்று மதியம்தான் அழைத்து வந்திருந்தார்.

அம்மா பவானி கோடம்பாக்கத்துக்காரி. நாலு வருஷமாக விசாரணைக் கைதி. மூன்று வாரமாக அவளுக்கு உதிரம் நிற்கவில்லை. மாதத்துக்கென்று கொடுத்த ஒரு பாக்கெட் நாப்கின் ஒரு நாளைக்கே போதவில்லை. புடவையைக் கிழித்துக் கிழித்து... அதுவும் தீர்ந்துபோயிருந்தது.

குழந்தையை அனுப்பும்போது அவள் அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மிஸ், என்னை ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவச் சொல்லுங்க. வலி தாங்கல மிஸ். நீங்க சொன்னா கேப்பாங்க."

ஐரின் போய்ச் சொன்னார். கெஞ்சினார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வார்டர் ரெஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கூட அனுப்ப எஸ்கார்ட் போலீஸ் இல்ல மேடம். திங்கக்கிழமை வருவாங்க."

அன்று சனிக்கிழமை. அதற்கு மேல் ஐரினால் என்ன செய்ய முடியும்? திரும்பிப் போய் அதையே பவானியிடம் சொல்லிவிட்டு வந்தார்.

லூப் ரோட்டில் கடல் சத்தம் மட்டும்... பொம்மி சட்டென்று நின்றாள். கையை உருவிக்கொண்டு, ஈர ரோட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க மிஸ். லாக்கப் டைம். எண்ணுவாங்க."

சிறையில் ஆறு மணிக்கு எல்லோரையும் உட்காரவைத்து எண்ணிய பிறகுதான் பூட்டுவார்கள். நினைவு தெரிந்த நாளிலிருந்து பொம்மிக்கு அதுதான் பழக்கம். "இங்க யாரும் எண்ண மாட்டாங்க கண்ணு" என்றாலும் அவள் எழுந்திருக்கவில்லை. பாவமாக இருந்தது. முட்டிவலியோடு ஐரினும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பொம்மி விரல் நீட்டி எண்ணினாள்.

"ஒண்ணு..." தன்னை. "ரெண்டு..." ஐரினை. விரல் ஐரினின் தோளைத் தாண்டிப் பின்னால் போனது.

"மூணு. சரியா கீது."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. மீன் வாடை இல்லை. பினாயில்... ஈரத்துணி... அதற்கடியில் ரத்தம். முதுகுக்குப் பின்னால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடும் சத்தம். ஹ்ஸ்... ஹ்ஸ்... திரும்பிப் பார்க்க ஐரினுக்குத் தைரியம் வரவில்லை.

போன் அடித்தது. அதே வார்டர்.

"மேடம்... லாக்கப்ல ஒரு ஆள் கொறைஞ்சுது. தேடிப் பார்த்தா... பாத்ரூம்ல பவானி. போய்டுச்சு மேடம்."

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. இன்றைக்கும் ஆறு மணியானால் பொம்மி கூடத்தில் குத்துக்காலிட்டு எண்ணுகிறாள். வீட்டில் இருப்பது இரண்டு பேர். எண்ணினால் மூன்று வருகிறது. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்தார், வாடை போகவில்லை. எண்ணி முடித்ததும் பொம்மி தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொள்வாள். பிறகு சொல்வாள்.

"அம்மாக்கு இன்னும் வலிக்குதாம் மிஸ். எஸ்கார்ட் வந்தாச்சான்னு கேக்குது."

செத்தவளுக்கு என்ன பதில் சொல்வது? ஐரினுக்குத் தெரிந்தது ஒன்றுதான். "திங்கக்கிழமை வருவாங்க" என்பார். மூச்சுச் சத்தம் மெல்ல அடங்கும்...

திங்கட்கிழமைகளில் மட்டும் அடங்குவதில்லை. விடிய விடிய மாடிவரைக்கும் கேட்கும்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் நோயல் ஏன் வீட்டுக்குக் கிளம்பவில்லை என்று யாராவது கேட்டீர்களா?