கழுத்து மூட்டின் நீலம்

என் பெயரும் கதவு எண்ணும் இத்துடன் இணைத்த முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். கணவரைப் பிரிந்து பதினோரு வருடமாக என் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்து வருகிறேன். வீட்டை ஒட்டி அண்ணன் நடத்தும் பட்டறையில் விளம்பர வாசகம் எழுதுவதும் படம் எடுப்பதும் என் வேலை. இன்று வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்தேன். நான் சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதுகிறார்.

எங்கள் பட்டறையில் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள்களுக்கு டைட்டானியத்தில் ஃபிரேம் செய்கிறோம். சக்கரம், செயின், சீட் எதுவும் எங்கள் வேலை இல்லை. எலும்புக்கூடு மட்டும். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்வார்கள். முதலில் ஃபிரேமை ஒற்றை விரலில் தூக்கிப் பார்ப்பார்கள். அதன் பிறகு சிரிப்பார்கள். அதன் பிறகு குழாயை நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அதில் கன்னத்தை வைத்திருந்தார். அவர் போன பிறகு கன்னத்தின் எண்ணெய்ப் பிசுக்கை நான்தான் துடைத்தேன். பெயின்ட் தேவையில்லை, துருப்பிடிக்காது, கீறல் விழுந்தால் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்தால் போய்விடும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அவர்கள் அதற்காக மட்டும் வரவில்லை. "இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் சோர்ந்துபோகும், டைட்டானியம் உங்களோடு சேர்ந்து கிழடாகாது" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு வந்தார்கள். நான் இதுவரை சைக்கிள் ஓட்டியதில்லை.

குழாய்களை ஒட்டும் வெல்டரைப் பட்டறையில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கையுறை போடாமல் அவர் குழாயைத் தொடமாட்டார், யாரையும் தொட விடமாட்டார். சூடாக இருக்கும்போது இந்த உலோகத்தின் மேல் காற்றுப் படக்கூடாது, பட்டால் அதைக் குடித்து உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும் என்று அவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதனால் குழாயின் உள்ளேயும் வெளியேயும் ஆர்கான் வாயுவை விட்டு ஒட்டுவார், ஒட்டி முடித்த பிறகும் நூறு எண்ணும் வரை வாயுவை நிறுத்தமாட்டார். சரியாக ஒட்டிய மூட்டு வெள்ளியாக இருக்கும். நீலமோ ஊதாவோ வந்தால் அந்த மூட்டு கெட்டுவிட்டது என்று பொருள். ஒவ்வொரு ஃபிரேமின் வேலை அட்டையிலும் மூட்டின் நிறத்தை எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம்.

ஒரு முறை வாங்க வந்த மூன்று பேர் ஒரே ஃபிரேமைச் சுற்றி நின்றுகொண்டு தடவியதைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம், "பெத்த பிள்ளையக்கூட இவ்வளவு ஆசையாத் தடவியிருக்க மாட்டாங்க மேடம். கை கழுவிட்டுத் தொடவும்னு ஒரு போர்டு எழுதி மாட்டுங்க" என்றார். நான் சிரித்தேன். போர்டு எழுதவில்லை.

சென்ற வருடம் ஒரு நாள் காலை, டாக்டர் கழுத்து மூட்டை, அதாவது ஹேண்டில் வந்து சேரும் இடத்தை, ஒட்டிக்கொண்டிருந்தபோது சிலிண்டரில் வாயு தீர்ந்துவிட்டது. மூட்டு நீலமாகிவிட்டது. அவர் அந்த ஃபிரேமைக் கழிவு மூலையில் சாய்த்துவைத்தார். ஜன்னல் வெயில் அதன் மேல் விழுந்திருந்தது. விளிம்பில் வைக்கோல் மஞ்சள், அதற்குள் நீலம், நடுவில் ஊதா. நான் படம் எடுத்தேன். டாக்டர், "அதை எதுக்கு எடுக்கறீங்க? அது அழகு இல்ல மேடம், அது நோய்" என்றார். அன்றே அந்தக் கழுத்தை ரம்பத்தால் அறுத்துப்போட்டார், யாரும் தெரியாமல் எடுத்துப் பொருத்திவிடக் கூடாது என்பதற்காக. நான் அந்தப் படத்தை விலைப்பட்டியலின் அட்டையில் போட்டேன்.

அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த நீலத்தையே கேட்டார்கள். அண்ணன் டாக்டரை அழைத்து நீலம் வரும்படி ஒட்டச் சொன்னார். டாக்டர், "நிறம் வேணும்னா கரன்ட் தொட்டியில முக்கி எடுங்க, மேல்தோல்ல மட்டும் நிறம் ஏறும், மூட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அண்ணன், "தொட்டி வாங்கி ஆள் போட்டு, அதுக்கு ஒரு வாரம் ஆகும். நோகாம நிறம் வருதுல்ல, அதைச் செய்யேன்யா" என்றார். டாக்டர், "என் கையால செய்ய மாட்டேன் சார், அதுக்கு வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார். இந்தப் பேச்சு நடந்தபோது நான் அங்கே இருந்தேன்.

அதன் பிறகு அண்ணன் தானே செய்தார். டாக்டர் தினமும் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போய் இரண்டரைக்குத் திரும்புவார். அந்த நேரத்தில் அண்ணன் டாக்டர் முடித்துவைத்த ஃபிரேமை எடுத்து, வெளிப்பக்க வாயுவைப் பாதியாகக் குறைத்து, உள்பக்க வாயுவை மூடிவிட்டு, கழுத்து மூட்டின் மேல் வெல்டிங் நெருப்பை மறுபடி ஒரு சுற்று ஓட்டுவார். நீலம் வந்துவிடும். டாக்டர் திரும்புவதற்குள் துணியால் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். இப்படிப் பத்தொன்பது ஃபிரேம்கள் செய்தார். பதினான்கு விற்பனையாயின. ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தார், என் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். மீதி நான்கு பட்டறையில் இருக்கின்றன.

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி, நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர் மலையிலிருந்து இறங்கும்போது அவருடைய ஃபிரேமின் கழுத்து மூட்டு முறிந்தது. நான்கு நாள் கழித்து நான் தனியாக மருத்துவமனைக்குப் போனேன். அவருக்குத் தோளுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பக்கத்தில் அவருடைய அம்மா இருந்தார். நான் எங்கிருந்து வருகிறேன், அங்கே என்ன வேலை செய்கிறேன் என்று சொன்னதும் அவர் கோபப்படவில்லை. "நீங்கதானா இதெல்லாம் எழுதறது? என் பொண்ணு எனக்குப் படிச்சுக் காட்டுவா. நல்லா எழுதியிருக்கீங்கம்மா" என்றார். நான் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை அண்ணன் இங்கே வந்து, டாக்டர் தன்மேல் உள்ள கோபத்தில் வேண்டுமென்றே மூட்டைக் கெடுத்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்று மாலையே டாக்டரைப் பட்டறையிலிருந்து அழைத்து வந்தார்கள். அவர் கையுறையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

இன்று காலை எட்டு மணிக்கு நான் பட்டறைக்குப் போனபோது அண்ணன் தரையில் உட்கார்ந்து, மீதி இருந்த நான்கு ஃபிரேம்களின் கழுத்தையும் பாத்திர நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று வெள்ளியாகிவிட்டிருந்தன. பக்கத்துத் தட்டில் பாதி கடித்த ரொட்டி இருந்தது. ஒரு கையால் தேய்த்துக்கொண்டே மறு கையால் அதை எடுத்துத் தின்றார். விரலில் சாம்பல் நிறப் பொடி ஒட்டியிருந்தது, ரொட்டியிலும் ஒட்டியிருந்தது. அவர் பார்க்கவில்லை.

"உன் வீட்டுல மாட்டியிருக்கியே, அதையும் கொண்டா. ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

நான், "நிறம்தானே போகும், உள்ள கெட்டது அப்படியேதானே இருக்கும்" என்றேன்.

"உள்ள எவன் பார்க்கப் போறான்? நீ ஒண்ணும் தெரியாத மாதிரி பேசாத. அட்டையில படம் போட்டது யாரு, நானா?" என்றார். அதன் பிறகு ரொட்டியை மென்றுகொண்டே, "டாக்டருக்கு வக்கீல் செலவை நாமளே பார்த்துக்கலாம், பாவம்" என்றார்.

நான் மாடிக்குப் போய்ச் சுவரில் இருந்த ஃபிரேமைக் கழற்றி, படுக்கை விரிப்பில் சுற்றி, பின்வாசல் வழியாக ஆட்டோவில் ஏறி இங்கே வந்தேன்.

நான் ஒப்படைப்பவை: நீலம் கலையாத அந்த ஃபிரேம், டாக்டர் "வெள்ளி" என்று எழுதிக் கையெழுத்திட்ட, விலைப்பட்டியல் வேலைக்காக என்னிடம் இருந்த பத்தொன்பது வேலை அட்டைகள், என் கேமரா. விலைப்பட்டியலில் முன்னும் பின்னும் காட்ட வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்டதால் ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு முறை படம் எடுத்திருக்கிறேன். ஒரு மணிக்கு முன் எடுத்ததில் மூட்டு வெள்ளியாகவும், இரண்டு மணிக்கு எடுத்ததில் நீலமாகவும் இருக்கும். தேதியும் நேரமும் படத்திலேயே பதிவாகியுள்ளன. டாக்டர் வெளியே போய் வந்த நேரம் பட்டறை வாசலில் உள்ள பதிவேட்டில் இருக்கிறது. மேலும், முறிந்ததைத் தவிர விற்ற பதின்மூன்று ஃபிரேம்களின் சொந்தக்காரர்கள் பட்டியலும் தருகிறேன். நாளை சனிக்கிழமை. இவர்கள் சனிக்கிழமை காலையில்தான் மலைக்குப் போவார்கள். இன்றே சொல்லிவிட வேண்டும்.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். "இது போதும் மேடம், உங்க மேல எதுவும் வராது" என்றார். ஒன்று விட்டுப்போனது. அண்ணன் முதல் ஃபிரேமுக்கு நிறம் ஏற்றியபோது நான் பக்கத்தில் கேமராவுடன் நின்றேன். நீலம் வந்ததும் அவர் நெருப்பை நிறுத்தினார். நான், "இன்னும் கொஞ்சம் ஊதா வந்தா நல்லாருக்கும்ணா" என்றேன். அவர் மறுபடி ஒரு சுற்று ஓட்டினார். நோய் என்று டாக்டர் சொன்னது அப்போது எனக்கு நினைவில் இருந்தது. அந்த முதல் ஃபிரேமைத்தான் நீச்சல் ஆசிரியை வாங்கினார். இதை எழுத வேண்டாம் என்று எழுத்தர் சொன்னார். எழுதச் சொன்னேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. நான் கொண்டுவந்த ஃபிரேமைத் தாழ்வாரத்தில் பெஞ்சின் மேல் வைத்திருக்கிறார்கள். நான் பேசிக்கொண்டிருந்த இந்த இரண்டு மணி நேரத்தில் நிலையத்தைச் சேர்ந்த நான்கு பேர் வந்து அதை ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருவர் விலை கேட்டார். இப்போது ஒருவர் கட்டைவிரலால் அந்த நீலத்தைத் தடவிக்கொண்டிருக்கிறார். அதை யாரும் தொடாமல் கட்டி முத்திரை வைக்க வேண்டும்.

மேலே உள்ளவை நான் சொன்னவைதான், படித்துக் காட்டக் கேட்டேன், என் பங்கு உட்பட எதுவும் கூட்டவோ குறைக்கவோ இல்லை, என் சுயநினைவோடு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)