குவளை மேல் ஓர் அட்டை

— அந்த அட்டையை எடுடி ஸென்ஸி. குவளை மேல அட்டை இருந்தா, பீர் கொண்டு வர்ற பொண்ணு போதும்னு நினைச்சு இந்தப் பக்கமே திரும்ப மாட்டா.

— திரும்ப வேண்டாம்னுதான் வெச்சேன் இர்மி. எனக்கு ஒண்ணு போதும். நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்.

— கேட்டுக்கோ ஆக்னெஸ்! ஆறு வருஷம் கழிச்சு ஊர் எல்லையைத் தாண்டியிருக்கா. உக்காந்த பெஞ்சு இன்னும் சூடாகலை, அதுக்குள்ள பஸ்ஸாம்.

— சொன்னா கோவிச்சுக்காதே ஸென்ஸி, இவ கத்துறா, ஆனா நியாயமாத்தான் கத்துறா. பிரபு மாளிகையையே நாம இன்னும் சுத்திப் பாக்கலை.

— மாளிகையா? அந்தப் படிக்கட்டைப் பாத்தியா ஆக்னெஸ்? என் முட்டி அதைப் பாத்ததுமே அழுதிருச்சு. பிரபு வீட்டுக் கெழவிங்க படத்துல மாட்டினது மாட்டின மாதிரியே இருப்பாளுங்க. எங்கயும் ஓடிப் போயிட மாட்டாளுங்க.

— அப்போ பீர் காய்ச்சற கூடத்தையாவது எட்டிப் பாப்போமே.

— அங்க புளிச்ச வாடை. வேர்த்துக் கொட்டும். இங்க மரத்தடி, நிழல், குளுந்த பீர். கேட்டுக்கோ, ஒரு காலத்துல இங்கருந்து ஆத்தங்கரை வரைக்கும் மூணு பேரும் ஆடிக்கிட்டே போனோம். இப்ப கழிப்பறைக்குப் போறதுக்கே ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாக்குறோம்.

— எனக்கு ஆட்டமும் வேண்டாம், மாளிகையும் வேண்டாம். இந்த மேசை மேல தலையை வெச்சு அப்படியே தூங்கினாப் போதும்.

— தூங்குடி. யாரு வேண்டாம்னது?

— எப்படித் தூங்குறது இர்மி? அவரு சாப்பிட்டாரோ இல்லையோ. என் கையைத் தவிர யாரு ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாரு.

— சொன்னா கோவிச்சுக்காதே, இன்னிக்கு அவரைப் பாத்துக்கற வெரெனா என் அக்கா பொண்ணுங்கறதுக்காகச் சொல்லலை. ஆஸ்பத்திரியில எத்தனையோ பேருக்கு ஊட்டினவ. உன் கொன்ராட் ஒருத்தருக்கு ஊட்ட மாட்டாளா?

— அவளுக்கு என்ன தெரியும் ஆக்னெஸ்? வாதம் அடிச்ச பக்கம் எச்சில் வழியும். வழிய வழியத் தாடையைத் துடைக்கணும். துடைக்காம விட்டா எனக்கு ராத்திரி தூக்கமே வராது.

— வழியறது அவனுக்கு. தூக்கம் வராதது உனக்கா?

— உனக்கு எங்க புரியும் இர்மி? புருஷனை விவாகரத்து பண்ணி நியூரம்பெர்க் கோர்ட்டுலயே விட்டுட்டு வந்தவதானே நீ.

— ஆமா. நல்லா நடமாடுற நிலைமையிலதான் விட்டேன். ஒரு குறையும் வெக்கலை.

— ரெண்டு பேரும் வாயை மூடுங்க. இந்தாங்க, முள்ளங்கி. உப்புத் தூவி வெச்சேன், நல்லாத் தண்ணி விட்டிருக்கு. உருளைக்கிழங்கு சாலட் அந்த டப்பாவுல. ஸென்ஸி, நீ ஒரு வாய் கூடத் தொடலையே?

— இறங்க மாட்டேங்குது ஆக்னெஸ். உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு.

— உன் பையில என்னமோ அடிக்குதுடி. போனா?

— வெரெனாதான்! ஐயோ, என்னமோ ஆயிடுச்சு... ஹலோ? வெரெனா? என்னம்மா? அவரா? குடு, குடு... நான்தாங்க. மெதுவாச் சொல்லுங்க... ம்... ம்... நாலு மணி பஸ்ஸுல... சரி. சரிங்க.

— என்னவாம்?

— ‘எப்ப வருவே’ன்னு கேட்டாரு. அவ்வளவுதான். நான் சொன்னேன்ல? தேடுறாரு! என் பையை எடு ஆக்னெஸ், நான் கிளம்பறேன்.

— உக்காருடி.

— குரலே சரியில்லை இர்மி. பின்னாடி வேற யாரோ சிரிச்ச மாதிரி இருந்தது. டிவியா இருக்கும்.

— டிவி இல்லை. உக்காருன்னு சொல்றேன்ல. ஆக்னெஸ், சொல்லிடலாமா?

— வேண்டாம் இர்மி. சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கோம்.

— அந்தப் பாவம் என்னோட போகட்டும். கேட்டுக்கோ ஸென்ஸி. சிரிச்சது உங்க பக்கத்து வீட்டுக்காரனும் தபால்கார ஃபெர்டலும். உன் புருஷன்தான் வரச் சொல்லியிருக்கான். நல்லாயிருக்கிற கையில சீட்டைப் பிடிச்சு ஆடிக்கிட்டு இருக்கான். இன்னும் எத்தனை ஆட்டம் ஆட முடியும்னு தெரிஞ்சுக்கத்தான் ‘எப்ப வருவே’ன்னு கேட்டிருக்கான்.

— உளறாதே!

— உளறலை. இந்தப் பயணமே நாங்க யோசிச்சது இல்லைடி. போன வாரம் நீ கடைக்குப் போயிருந்த நேரம் பாத்து அவன்தான் எனக்குப் போன் பண்ணான். நாலு வார்த்தையைச் சேத்துச் சொல்றதுக்குள்ள அவனுக்கு மூச்சு வாங்குச்சு. ‘இவளை ஒரு நாள் எங்கயாவது கூட்டிட்டுப் போ இர்மி. தாடையைத் துடைச்சுத் துடைச்சே என்னைக் கொன்னுருவா போலிருக்கு’ன்னான்.

— சொன்னா கோவிச்சுக்காதே ஸென்ஸி... அவருக்கு உன் மேல பாசம் இல்லாம இல்லை. இர்மி, உன்னை யாருடி இப்படிப் போட்டு உடைக்கச் சொன்னது?

— ஏய் ஸென்ஸி, என்னை ரெண்டு திட்டாவது திட்டுடி.

— நாலு மணி பஸ் போயிடுச்சா?

— அதோ, வாசல்ல திரும்புது. கை காட்டினா நிறுத்துவான். வேணும்னா நான் ஓடட்டுமா?

— இந்த வயசுல நீ ஓடி என்னத்தைக் கிழிக்கப் போறே ஆக்னெஸ்? கடைசி பஸ் எப்ப?

— இருட்டினப்புறம் ஒண்ணு இருக்கு.

— சரி. இர்மி, அட்டையை எடுத்துட்டேன். அந்தப் பொண்ணைக் கூப்பிடு.

— வேண்டாம் ஸென்ஸி. கோவத்துல குடிக்காதே, தலைக்கு ஏறிடும்.

— கோவம் இல்லை ஆக்னெஸ். தினம் காலைல கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி, ‘கடவுளே, இன்னிக்கு ஒரு நாள் இந்த மூஞ்சியைப் பாக்காம இருக்கணும்’னுதான் வேண்டிக்குவேன். அப்படி வேண்டிக்கிட்ட பாவத்துக்குத்தான் அன்னிக்குப் பூரா அவரு தாடையைத் துடைச்சுக்கிட்டே இருப்பேன். ஆறு வருஷமா கடவுள்கிட்ட கேட்டும் எனக்குக் கிடைக்காததை, அந்த மனுஷன் இவளுக்கு ஒரே ஒரு போன் பண்ணி வாங்கிட்டாரேடி!